தாத்தாவும் அறுபது சீட்டுகளும்

போன வருஷம் ஆறு மாதம் நியூஜெர்சியில் மகன் வீட்டில் இருந்தோம். போன இரண்டாவது வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன்.

பேரனுக்கு ஒன்பது வயது. அவன் பள்ளிக்கூடம் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிடும். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். வீட்டுக்காரி சமையலறையில் மிக்ஸியோடு போராடிக்கொண்டிருப்பாள். எனக்கு என்ன வேலை? பேரன் அறையை ஒழுங்கு பண்ணலாம் என்று உள்ளே போனேன். தரையெல்லாம் வண்ண வண்ணச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு விநோத ஜந்து. ஒன்று எலி மாதிரி, ஒன்று டிராகன் மாதிரி, ஒன்று பூண்டு முதுகில் முளைத்த தவளை மாதிரி. எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்தேன். முப்பத்தாறு வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவன், அதில் பாதிக்கு மேல் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவன். கை சும்மா இருக்குமா? தலை எல்லாம் ஒரு பக்கமாகத் திருப்பி, தட்டி, நூறு நூறாக எண்ணி, இரண்டு பக்கமும் ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிக் கட்டினேன். நாலு கட்டும் சில்லறையும் இருந்தது. மேஜை மேல் வரிசையாக வைத்துவிட்டு, பையன் வந்து பார்த்துச் சந்தோஷப்படுவான் என்று காத்திருந்தேன்.

வந்தான். பார்த்தான். கத்தவில்லை, அழவில்லை. ஒரு கட்டின் ரப்பர் பேண்டை மெதுவாகக் கழற்றி, மேலே இருந்த சீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இரண்டு ஓரத்திலும் ரப்பர் கடித்த தடம். அதைத் தடவிக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். அன்று இரவு என் பக்கத்தில் வந்து படுக்கவில்லை.

மருமகள்தான் விஷயத்தைச் சொன்னாள். "மாமா, அது அவனோட ஃபிரண்ட் டெக்ஸாஸ் போறதுக்கு முன்னாடி கடைசி நாள் ஸ்கூல்ல கொடுத்தது. அதை மட்டும் யாரையும் தொட விடமாட்டான்."

ஸ்நார்லாக்ஸ் என்று அந்த ஜந்துக்குப் பெயர். தொப்பையைத் தூக்கிக்கொண்டு எப்போதும் தூங்கும் ஒரு குண்டுப் பூனை. மகனிடம் அதன் விலை என்ன என்று கேட்டேன். ஃபோனில் பார்த்துவிட்டு, "அதே கார்டு ஒரு டாலருக்கே கிடைக்கும்பா" என்றான். எனக்கு மூச்சு வந்தது. மறுநாள் பேரனிடம் போய், "கண்ணா, தாத்தா உனக்குப் புதுசு வாங்கித் தரேன்" என்றேன்.

"அது அது இல்ல தாத்தா" என்றான்.

வாழ்நாள் முழுக்கக் கிழிந்த நோட்டை வாங்கிக்கொண்டு நல்ல நோட்டைக் கொடுத்தவன் நான். நோட்டுக்கு நோட்டு சமம், அதுதான் பணத்தின் இலக்கணம். நூறு ரூபாய்க்கு இன்னொரு நூறு ரூபாய் ஈடு. இந்தக் குழந்தை ஒரே வாக்கியத்தில் அந்த இலக்கணத்தைத் தள்ளிவிட்டான். 2001-இல் ரிசர்வ் வங்கி நோட்டுக் கட்டில் ஸ்டேப்பிள் அடிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டபோது, நோட்டு காயப்படக் கூடாது என்று கிளையில் எல்லோருக்கும் பாடம் எடுத்தவனும் நானே. வீட்டில் போய்க் கோட்டை விட்டேன்.

இதற்குப் பரிகாரம் என்ன என்று யோசித்தேன். அவனுடைய ஆட்டத்தைக் கற்றுக்கொள்வது ஒன்றுதான் வழி என்று தோன்றியது. ஆனால் அதில் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. இதுவரை இங்கே எழுதாத சங்கதி அது.

என் அப்பா சீட்டாடுவார். எங்கள் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். அறுவடை முடிந்து கையில் காசு புரண்டால், பெரிய தெரு முனை வீட்டுத் திண்ணையில் ஆட்டம் களைகட்டும். சாப்பாட்டுக்குக் கூப்பிட என்னைத்தான் அனுப்புவார்கள். "இந்த ஆட்டம் முடியட்டும்டா, அடுத்த கை நமக்குத்தான்" என்பார். எனக்கு ஒன்பது வயதானபோது, அந்த அடுத்த கை அரை வேலி நிலத்தைக் கொண்டுபோய்விட்டது. அம்மா அன்றைக்கு அழுததாக நினைவில்லை. அப்பா தூங்கும்போது சட்டைப் பையிலிருந்த சீட்டுக்கட்டை எடுத்து அடுப்பில் போட்டாள். பிறகு எங்கள் மூன்று பேரையும் வரிசையாக நிற்க வைத்து, சீட்டைத் தொடமாட்டோம் என்று விளக்கின் முன்னால் சத்தியம் வாங்கினாள். நான் காப்பாற்றினேன். வங்கி மனமகிழ் மன்றத்தில் எல்லோரும் ரம்மி ஆடும்போது நான் கேரம் பலகை ஓரமே நின்றேன். கல்யாண வீடுகளில் பந்தி முடிந்து ஜமக்காளம் விரித்ததுமே பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவேன்.

வீட்டுக்காரிக்கு இது தெரியும். "மாமியார்கிட்ட சத்தியம் பண்ணின மனுஷன், எழுபது வயசுக்கு மேல பேரனோட சீட்டாடப் போறாராம்" என்று மிக்ஸியிடம் சொன்னாள்.

அதனால் முதலில் விசாரணைதான். சாயங்காலம் பேரனைக் கூப்பிட்டு, ஒரு கடன் மனுவைப் பரிசீலிக்கிற தோரணையில் கேட்டேன். "இதுல தோத்தா உன் சீட்டை எதிராளிக்குக் கொடுத்துடணுமா?"

"இல்ல தாத்தா. ஆட்டம் முடிஞ்சா அவங்க கார்டு அவங்களுக்கு."

"அப்புறம் பரிசுச் சீட்டுன்னு ஏதோ சொல்றியே?"

அப்போதுதான் விளக்கினான். ஆட்டம் தொடங்கும்போது அவரவர் கட்டிலிருந்து ஆறு சீட்டைக் கவிழ்த்து ஓரமாக வைக்க வேண்டும். எதிராளியின் ஜந்துவை வீழ்த்தினால், அந்த ஆறில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். ஆறையும் முதலில் எடுத்தவருக்கு வெற்றி. ஆக, பரிசாகக் கிடைப்பதும் நம் சீட்டேதான். அடுத்தவன் சொத்து ஒன்றும் கைமாறுவதில்லை. மனு மஞ்சூர்.

பிறகு மகன் சொன்னதையும் நானே படித்ததையும் சேர்த்து, இந்தச் சேகரிப்புச் சீட்டாட்டங்களின் கதை ஒருவாறு பிடிபட்டது. 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித அறிஞர் 'மேஜிக்: தி கேதரிங்' என்ற ஆட்டத்தை உருவாக்கினார். எல்லோருக்கும் ஒரே 52 சீட்டு என்ற பழைய முறையை விட்டு, ஆயிரக்கணக்கான சீட்டுகளிலிருந்து அவரவர் தனக்கான கட்டைத் தானே அமைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் புதுமை. ஆரம்பத்தில் அந்த ஆட்டத்தில் ஒரு சீட்டைப் பந்தயமாக வைக்கும் விதி இருந்ததாம். பின்னால் அதைக் கைவிட்டார்கள். அதைப் படித்தபோது, என் அம்மா அங்கேயும் ஒருத்தி இருந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். போகிமான் சீட்டாட்டம் 1996-இல் ஜப்பானில் வந்தது, 1999-இல் ஆங்கிலத்தில்.

போகிமானை உருவாக்கிய சடோஷி தஜிரி சிறு வயதில் பூச்சி பிடித்துச் சேர்த்தவராம். அந்த ஆசையில் பிறந்ததுதான் இத்தனை ஜந்துக்களும். இதைப் பேரனிடம் சொல்லிவிட்டு, நாங்கள் தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்த்த கதையைச் சொன்னேன். இலை கிள்ளிப் போடுவோம், முட்டை போட்டதா என்று வகுப்பில் மேஜைக்கு அடியில் திறந்து பார்ப்போம், வாத்தியார் பார்த்தால் முட்டி போட வேண்டியதுதான். ரப்பர் பேண்ட் சம்பவத்துக்குப் பிறகு அவன் என்னைப் பார்த்து வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி, "பொன்வண்டு என்ன கலர் தாத்தா?" என்பதுதான். பச்சையும் பொன்னுமாக மின்னும் என்றேன். "ஷைனியா!" என்றான். அவர்கள் உலகத்தில் அது பெரிய பட்டம்.

புதிதாகக் கற்பவர்களுக்கென்றே 'பேட்டில் அகாடமி' என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். மூன்று தயார் கட்டுகள், விரிக்க ஒரு பலகை, சுண்டிப் போட நாணயம், முதல் ஆட்டத்தைப் படிப்படியாகச் சொல்லித் தரும் சிறு புத்தகம். மகன் வாங்கி வந்தான். நானும் பேரனும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம்.

கட்டில் சரியாக அறுபது சீட்டு இருக்க வேண்டும். ஒரே பெயருள்ள சீட்டு நாலுக்கு மேல் கூடாது, அடிப்படை எனர்ஜிச் சீட்டுகளுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. கையில் ஏழு சீட்டு. முன்னால் நின்று சண்டை போட ஒரு ஜந்து, பின்னால் பெஞ்சில் காத்திருக்க ஐந்து வரை. ஒவ்வொரு முறையும் கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒரே ஒரு எனர்ஜிதான் ஏற்றலாம். எனர்ஜி சேர்ந்தால் அடிக்கலாம், அடித்தவுடன் நம் முறை முடிந்தது. சில ஜந்துக்களை அடுத்தடுத்த முறைகளில் வளர்க்கலாம், குட்டி பெரிதாகும், பெரிது இன்னும் பெரிதாகும். பெரும்பாலானவற்றுக்கு ஒரு பலவீனம் உண்டு. நெருப்புக்குத் தண்ணீர் ஆகாது, அடி இரட்டிப்பாக விழும். கட்டில் எடுக்கச் சீட்டே இல்லை என்றால், அல்லது களத்தில் ஒரு ஜந்துவும் மிச்சம் இல்லை என்றால், அப்போதும் தோல்விதான்.

முதல் பதினொரு ஆட்டமும் நான் தோற்றேன். விதி புரியாமல் இல்லை. பாழாய்ப் போன வங்கிப் புத்திதான் காரணம். 'புரொஃபசர்ஸ் ரிசர்ச்' என்று ஒரு சீட்டு இருக்கிறது. அதைப் போட்டால் கையிலுள்ள எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக ஏழு சீட்டு எடுக்கலாம். எனக்குக் கை வரவில்லை. கையில் நல்ல சீட்டு இரண்டு இருக்கிறதே, அதை எப்படிப் போடுவது? வைத்துக்கொண்டே இருந்தேன். அவனோ யோசிக்காமல் எறிந்துவிட்டு ஏழு எடுப்பான், வேண்டியது வந்துவிடும்.

"தாத்தா, நீங்க சேத்து வெச்சுக்கிட்டே இருக்கீங்க. இது பேங்க் இல்ல" என்றான். அடுத்த அறையில் வீட்டுக்காரி சிரித்தது கேட்டது. நாற்பத்தைந்து வருஷமாக அவள் சொல்லிக்கொண்டிருப்பதும் அதுதான்.

சனிக்கிழமைகளில் பக்கத்தில் ஒரு கடையில் பிள்ளைகள் கூடி ஆடுவார்கள். அங்கே போனால் என்னைப் போல் நரைத்த தலை வேறு இல்லை, ஆனால் முப்பது நாற்பது வயதுக்காரர்கள் நிறையப் பேர். அதிகாரபூர்வப் போட்டிகளில் ஜூனியர், சீனியர், மாஸ்டர் என்று வயதுப் பிரிவுகள் உண்டு. நான் சீனியர் என்று பெருமையாகச் சொன்னேன். கடைக்காரப் பையன் சிரித்துக்கொண்டே திருத்தினான். சீனியர் என்றால் மீசை முளைக்கிற பிள்ளைகள். அதற்கு மேற்பட்ட எல்லோரும் மாஸ்டர். ரயிலிலும் வங்கியிலும் சீனியர் சிட்டிசன் ஆனவன், வாழ்க்கையில் முதல் தடவையாக அதைத் தாண்டிப் பதவி உயர்வு பெற்றேன்.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அக்டோபரில் அவன் பிறந்தநாள் வந்தது. அத்தைகளும் மாமாக்களும் கொடுத்தது சேர்ந்து கையில் நூறு டாலருக்கு மேல் இருந்தது. கடைக்குப் போவோம் என்றான். ஒரு பாக்கெட்டில் பத்துச் சீட்டு இருக்கும், விலை ஐந்து டாலர் சுமார். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரிக்கும் வரை தெரியாது. நூற்றில் ஒன்றில் பெரிய விலைச் சீட்டு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இரண்டு பாக்கெட் வாங்கினான். பிரித்தான். ஒன்றும் இல்லை. இன்னும் இரண்டு. இல்லை. இன்னும் நாலு. கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தவனின் விரல்கள் நடுங்கின. வந்த சீட்டுகளை அவன் பார்க்கக்கூட இல்லை. கடைசிச் சீட்டுக்குத் தாவி, உதட்டைக் கடித்து, கீழே வைத்தான். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான்.

"அடுத்த பேக்ல கண்டிப்பா இருக்கும் தாத்தா."

எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. அறுபது வருஷத்துக்கு முன்னால் திண்ணையில் கேட்ட அதே குரல். முகம்கூட அப்படியே இருந்தது. அப்பாவின் புருவம்தான் அவனுக்கு. அதை நான் அதுவரை கவனித்ததில்லை.

வேண்டாம் என்று அதட்டியிருக்கலாம். சீட்டை எல்லாம் பிடுங்கி அம்மா மாதிரி அடுப்பில் போடவும் ஒரு கணம் தோன்றியது. ஆனால் எங்கள் வீட்டில் அடுப்பில் போட்டதோடு பேச்சும் நின்றுபோயிற்று. அப்பா ஏன் ஆடினார், என்ன நினைத்தார், ஒன்றும் யாரும் கேட்கவில்லை. அவர் இருந்த மிச்ச இருபது வருஷமும் அது வீட்டில் பேசக்கூடாத சமாசாரம். என் மகனுக்கே நான் சொன்னதில்லை.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பேரனுக்குச் சொன்னேன். திண்ணை, நிலம், அடுப்பு, சத்தியம், எல்லாம். தெரிந்த இங்கிலீஷும் அவனுக்குத் தெரிந்த தமிழும் கலந்து. காரை நிறுத்திவிட்டு வந்த மகன் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை.

பேரன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "கொள்ளுத்தாத்தா நல்லா ஆடுவாரா?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் யாருக்கும் இந்தக் கேள்வி தோன்றியதில்லை. நிலம் போனது தெரியும், மானம் போனது தெரியும். அவர் கெட்டிக்கார ஆட்டக்காரரா, ஜெயித்த நாளில் எப்படிச் சிரிப்பார், ஒன்றும் தெரியாது. "தெரியலைடா கண்ணா" என்றேன். மகன் பின்னாலிருந்து என் தோளில் கை வைத்தான்.

மிச்சப் பணத்துக்கு அன்று பாக்கெட் வாங்கவில்லை. பேரனே ஒரு யோசனை சொன்னான். தனிச் சீட்டாக வாங்கினால் என்ன வருகிறது என்று தெரிந்தே வாங்கலாம். கடையின் மேஜைப் பெட்டியில் கால் டாலருக்கும் அரை டாலருக்கும் சாதாரணச் சீட்டுகள் கொட்டிக் கிடந்தன. ஒரு காகிதத்தில் பட்டியல் போட்டு, தேடித் தேடி எடுத்து, பதினைந்து டாலருக்குள் எனக்கென்று ஒரு கட்டு அமைத்தோம். அன்றைக்கு அவன் விரல் நடுங்கவில்லை.

பேரன் பேத்தி இருப்பவர்களுக்கு, பட்டுத் தெரிந்த நாலு வார்த்தை. முதலில் பாக்கெட் வாங்காதீர்கள்; தயார் கட்டு ஒன்றை வாங்கி ஆடிப் பாருங்கள், பிறகு வேண்டிய சீட்டைத் தனித்தனியாகச் சேருங்கள். பாக்கெட்டைப் பிறந்தநாள் பலகாரம் போல் எப்போதாவது வைத்துக்கொள்ளுங்கள், மாதச் செலவில் சேர்க்காதீர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். வெயிலும் வியர்வைக் கையும் ரப்பர் பேண்டும் ஆகாது. நம் ஊர்க் கடைத்தெருவில் தங்க நிறத்தில் மின்னும் மலிவான பிளாஸ்டிக் சீட்டுகளைப் பார்த்திருப்பீர்கள், பெரும்பாலும் போலி. கள்ள நோட்டுக்குச் சொல்வதுதான் இதற்கும்: ஒரு நல்ல சீட்டைப் பக்கத்தில் வைத்து, பின்பக்க நிறத்தையும் எழுத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், தாளைத் தடவிப் பாருங்கள். குழந்தைகள் பள்ளியில் சீட்டு மாற்றிக்கொள்வதற்கு முன்னால் ஒரு ராத்திரி பொறுக்கச் சொல்லுங்கள். இவை எல்லாவற்றையும்விட முக்கியம், நீங்களும் உட்கார்ந்து ஆடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்தால்தான் விரல் நடுங்குவது தெரியும்.

ஊருக்குக் கிளம்பும் முந்தின இரவு பேரன் என் கட்டை வாங்கி ஒருமுறை எண்ணினான். ஒரு சீட்டை உருவிவிட்டு, வேறு ஒன்றை உறையில் போட்டுச் செருகினான். ஓரத்தில் ரப்பர் கடித்த அந்த ஸ்நார்லாக்ஸ்.

"கண்ணா, இது உன் ஃபிரண்ட் கொடுத்ததாச்சே?"

"ஸ்லீவ்ல போட்டா பள்ளம் தெரியாது தாத்தா. பின்னாடி பார்த்தா எந்தக் கார்டுன்னு கண்டுபிடிக்கவும் முடியாது, அதனால ஆடலாம்" என்றான். பிறகு அவசரமாக, "குடுக்கல. கடன்தான். அடுத்த வருஷம் வரும்போது திருப்பிக் குடுக்கணும்."

எத்தனையோ பேருக்கு ஈடு வாங்கிக்கொண்டு, ஜாமீன் கேட்டு, மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தவன் நான். ஒரு கையெழுத்தும் கேட்காமல் எனக்குக் கொடுத்தான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, அங்கே காலை ஒன்பது, ஃபோனை ஒரு டப்பா மேல் சாய்த்து வைத்து இரண்டு பேரும் ஆடுகிறோம். ஸ்நார்லாக்ஸை முன்னால் நிறுத்திவிட்டால், பின்வாங்க வைக்க நாலு எனர்ஜி செலவழிக்க வேண்டும். உட்கார்ந்தால் எழுந்திருக்காது, என்னைப் போல. போன வாரம் வீட்டுக்காரி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். "அந்தக் குண்டுப் பூனையை ஏன் இன்னும் கையிலேயே வெச்சிருக்கீங்க, போட வேண்டியதுதானே?" என்றாள்.

போட்டேன். அந்த ஆட்டத்தில் ஜெயித்தேன்.

அம்மாவிடம் செய்த சத்தியத்தை மீறிவிட்டேனா என்று சில நாள் விளக்கேற்றும்போது நினைப்பு வரும். அடுத்த வருஷம் விசா கிடைத்து, உடம்பும் ஒத்துழைத்தால், கடனைத் திருப்பிக் கொடுக்கப் போக வேண்டும்.